உன்னை ஆறாவதாய் இறக்கச் சொன்னது நான்தான்

தம்பி, சொல்லுறது நான், எழுதுறது அம்மா. ரெலிபோனை நீ எடுக்கிறாயில்லை. எடுத்தாலும் பிறகு கதைக்கிறன் அப்பா எண்டு வைச்சுப்போடுவாய். கடிதமெண்டால் பாதியிலை வைக்கமாட்டாய் எண்டு அம்மா சொல்லுறா. எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. எண்டாலும் நீ சின்னனிலை இருந்தே எதையும் கடைசி வரைக்கும் இருந்து பாக்கிற பிள்ளை. தோக்கிறது தெரிஞ்ச மட்சையும் எழும்பிப் போகாமல், மழை தூறத் தூற, கடைசிப் பந்து வரைக்கும் பாத்துப்போட்டுத்தான் வருவாய். அந்தப் பழக்கத்தை நம்பித் துவங்குறன்.

மூண்டு ஞாயிறாய் நீ மைதானத்துக்கு வரேல்லை. வாற ஞாயிறு கடைசி மட்ச். தோத்தால் ரீம் கீழ்ப் பிரிவுக்குப் போகுது. கப்டன் ரூபன் எனக்கு நாலு தரம் ரெலிபோன் அடிச்சிட்டான். ஐயா, அண்ணையை ஒருக்கா வரச் சொல்லுங்கோ எண்டு கெஞ்சுறான். நான் சொன்னால் நீ வரமாட்டாய் எண்டு அவனுக்கு எப்பிடி விளங்கப்படுத்துறது? அண்டைக்குக் கூடாரத்திலை நடந்ததை அவனும் பக்கத்திலை நிண்டு கேட்டவன்தானே.

கார்கள் நிக்கிற பக்கம் அந்த நீலக் கூடாரத்துக்குக் கீழை நாங்கள் நாலைஞ்சு கிழடுகள் ரோல்ஸும் தேத்தண்ணியுமாய் இருந்து ரீமை அடுக்கிறதும் குலைக்கிறதும் உனக்குத் தெரியும். மட்ச் முடிய ரூபன் வந்து கோப்பையோட நிப்பான். ஒண்டும் காதிலை விழாதவன் மாதிரித்தான் நிப்பான். ஆனால் அடுத்த கிழமை லிஸ்ட் வரேக்கை நாங்கள் சொன்னதிலை பாதி அதுக்குள்ளை கிடக்கும். இந்த வருஷம் அண்டைவரைக்கும் எட்டு மட்சிலை ஆறு தோல்வி. எண்பத்து மூண்டு, அறுபத்தொண்டு, எழுபத்தி நாலு எண்டு ஒரு வானுக்குள்ளை வந்த ஆக்கள் அதே வானுக்குள்ளை ஏறிப் போற மாதிரி அவுட்டாகிப் போக, கூடாரத்திலை சத்தம் கூடிக்கொண்டு வந்துது. வாடகைக்கு மினிகாப் ஓடுற குகனுக்கு முதல் பத்து ஓவரிலை அடிச்சு விளாசுற ஆள் வேணும். ஸ்கோர் எழுதுற மாஸ்டருக்கு நிண்டு பிடிக்கிற ஆள் வேணும். மூண்டாவதாய் வாற செல்வம் இடக்கைக்காரன், அவனை முன்னுக்கு விடு எண்டு குகன். முன்னுக்கு விட்டால் முதல் ஓவரிலேயே தேத்தண்ணி குடிக்க வந்திடுவான் எண்டு மாஸ்டர். நாலாவதாய் இறங்குற பல்லு டொக்டர், கொடுப்புப் பல்லுப் பிடுங்கிற மாதிரி ஒரு ரன்னுக்கு அரை மணித்தியாலம் எடுக்கிறான் எண்டு பின்னாலை இருந்து ஒருத்தர். எல்லாரையும் ஒரு சுத்துச் சுத்தி முடிய, கதை உன்னிலை வந்து நிக்கும்.

எனக்கு முன்னாலை சொல்லக் கூச்சப்படுற மாதிரித் துவங்கித்தான் குகன் சொல்லுவான். "அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. உங்கட மகன் பந்தைப் பாக்கிறாரோ, பந்து அவரைப் பாக்குதோ தெரியேல்லை."

மாஸ்டருக்குக் கோவம் வந்திடும். ஸ்கோர் கொப்பியை விரிச்சு, பதினொரு வருஷம் ஓப்பனிங் போனவனை ஆறு மட்ச் அடிக்கேல்லையெண்டு தூக்கிப் போட அவன் என்ன பழைய சோபாவோ எண்டு கேட்டார். சோபாவெண்டாலும் கவுன்சில் குப்பை லொறி வந்து ஏத்திக்கொண்டு போகும் மாஸ்டர் எண்டான் குகன். எல்லாரும் சிரிச்சினம். நானும் சிரிச்சன், தம்பி. மறைக்கேல்லை.

பதினொரு வருஷமாய் உனக்காக அந்தக் கூடாரத்திலை வழக்காடினது நான்தான். மாஸ்டரின்ர கொப்பியிலை உன்ர ஓட்டங்கள் மட்டும்தான் இருக்கு. என்ர தலைக்குள்ளை ஒவ்வொரு பந்தும் இருக்கு. நீ முதல் ஐம்பது அடிச்ச அண்டு நாப்பத்தொன்பதிலை பதினாலு பந்து நிண்டனீ. பதினைஞ்சாம் பந்தைக் காலுக்குப் பின்னாலை தட்டிப்போட்டு ஓடேக்கை இடது சப்பாத்து லேஸ் அவிண்டு கிடந்தது. அந்தக் கூடாரத்திலை எப்ப எவன் எப்பிடி அவுட்டானான் எண்டு சண்டை வந்தாலும், கடைசியிலை என்ர பக்கம் திரும்புவினம். நான் சொன்னால் முடிஞ்சுது. அதாலைதான் அண்டைக்கு நான் வாயைத் திறந்தவுடனை எல்லாரும் காது குடுத்தவை.

"ஓப்பனிங்கிலை இருந்து அவனை எடு ரூபன். ஆறாவதாய் இறக்கு" எண்டன்.

குகனே திகைச்சுப்போனான். நீ எனக்குப் பின்னாலை காலிலை கட்டின காப்புப் பாட்டைக் கழட்டிக்கொண்டு நிண்டது எனக்குத் தெரியாது. கடவுளறிய நான் காணேல்லை. நிமிந்து என்னைப் பாத்து, "தாங்க்ஸ் அப்பா" எண்டு ரெண்டு சொல்லுச் சொன்னனீ. விளையாட்டுச் சாமான் பாக்கைத் தூக்கிக் காருக்குள்ளை எறிஞ்சுபோட்டுப் போனனீ. நீ என்னை ஏசியிருந்தால் நான் நல்லாய் நித்திரை கொண்டிருப்பன்.

நான் ஏன் சொன்னனான் எண்டதைச் சொல்ல இந்த வருஷத்து மட்சுகளுக்குள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு போகவேணும். கோவிக்காமல் வா. ரெண்டாவது மட்சிலை செல்வத்தை ரன் அவுட் ஆக்கினனீ. பந்து உனக்கு இடப்பக்கம் மிட் விக்கெட்டுக்குப் போச்சு. அங்கை ஒருத்தன் நிண்டவன். எல்லாருக்கும் தெரியுது, நீ ஆள் இல்லாத மாதிரி ஓடச் சொன்னனீ. அஞ்சாவது மட்சிலை பல்லு டொக்டர், அதே மாதிரி, அதே பக்கம். ஸ்லிப்பிலை நிண்டு மூண்டு கட்ச் விட்டனீ. வலப்பக்கம் வந்த ரெண்டைப் பிடிச்சனீ, விட்டது மூண்டும் இடப்பக்கம். கூடாரத்திலை வயசு போச்சு எண்டு கதைச்சினம். நாப்பத்தொரு வயசு ஒரு வயசோ? பிறகு வைகாசியிலை உன்ர காரின்ர இடப்பக்கக் கண்ணாடி உடைஞ்சது. திருத்தி ஒரு மாசமில்லை, திரும்ப உடைஞ்சது. ரோட்டு ஒடுக்கம் எண்டு சொன்னனீ. கிங்ஸ்பரியிலை நீ இருக்கிற ரோட்டு இருபது வருஷமாய் அதே ஒடுக்கம்தான். கடைசியாய், நான் வாய் திறந்த அண்டைக்கு, மற்ற ரீமின்ர ஒரு நெட்டைப் பெடியன் போட்ட பந்து எழும்பி உன்ர ஹெல்மெட்டிலை இடப்பக்கமாய் அடிச்சுது. நீ தலையை எடுக்கேல்லை. கையைத் தூக்கேல்லை. கண்ணைக்கூட மூடேல்லை. பந்து வாறதைக் காணுற மனிசன் ஏதாவது ஒண்டு செய்வான். நீ ஒண்டும் செய்யேல்லை, தம்பி. பட்ட பிறகுதான் திடுக்கிட்டனீ.

ஆறாவதாய் இறங்கினால் புதுப் பந்து பழசாகியிருக்கும், வேகமாய்ப் போடுற நெட்டையன்களும் களைச்சிருப்பினம் எண்டுதான் அப்பிடிச் சொன்னனான். உன்ர கண்ணைப் பாக்கவேணும் எண்டு சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏனெண்டால் அடுத்த கேள்வி, அது உங்களுக்கு எப்பிடி அப்பா தெரியும் எண்டுதானே வரும்.

அதுக்குப் பதில் என்ர கண்ணிலை இருக்கு. போன தை மாசம் நான் பஸ் படியிலை விழுந்தது தெரியும். கால் வழுக்கினது எண்டு உனக்குச் சொன்னம். படியை நான் காணேல்லை. ஆஸ்பத்திரியிலை கண்ணுக்குள்ளை அமுக்கம் கூடி ஓரப் பார்வை தேய்ஞ்சு போச்சு எண்டு சொல்லிச்சினம். போனது போனதுதான், மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாத்தலாம் எண்டார் டொக்டர். ஒவ்வொரு நாளும் அம்மா விடுற அந்தத் துளி மருந்தை நீ என்னெண்டு கேக்க, கண் எரிச்சலுக்கு எண்டு சொன்னது பொய். டொக்டர் இன்னொண்டும் சொன்னவர். இது குடும்பத்திலை வரும், பிள்ளையளைக் கட்டாயம் பாக்கச் சொல்லுங்கோ எண்டு. அம்மா அண்டைக்கே உனக்குச் சொல்ல ரெலிபோனைக் கையிலை எடுத்தவ. நான்தான் மறிச்சனான். இப்ப எழுதுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாக்கிறா. சரி, பாக்கட்டும்.

ஏன் மறிச்சனான் எண்டால், கொஞ்சம் முதலே வந்திருந்தால் இவ்வளவு போயிராது எண்டு டொக்டர் சொன்னவர், ஏன் முதலே போகேல்லை எண்டு நீ கேப்பாய். பதினொரு வருஷமாய்க் கண்ணைச் சோதிக்க வரச் சொல்லிக் கடிதம் வந்தது. ஒவ்வொரு கடிதத்தையும் அம்மா வாசிச்சுக் காட்டினவ. பாப்பம் எண்டு வாங்கிக் கிழிச்சனான். எனக்குக் கண் நல்லாய்த் தெரியுது, மேலை போற பிளேனின்ர வாலிலை என்ன நிறம் எண்டு சொல்லுவன் எண்டு வீம்பு கதைச்சனான். உண்மையான காரணம், அந்த அறையிலை சுவரிலை தொங்குற எழுத்துப் பலகை. இந்த நாட்டுக்கு வந்த புதிசிலை வேலைக்கு எடுக்க ஒரு நர்ஸ் என்னை அதுக்கு முன்னாலை இருத்தி மேலை இருந்து வாசியுங்கோ எண்டா. கண்ணாடி கொண்டு வரேல்லை எண்டு சொன்னன். எனக்குக் கண்ணாடியே இல்லை. அப்ப கொண்டு வாங்கோ எண்டு திருப்பி அனுப்பினா. அந்த வேலைக்கு நான் திரும்பிப் போகேல்லை. பிறகு முப்பத்தைஞ்சு வருஷம் கவுன்சிலிலை, வங்கியிலை, உன்ர பள்ளிக்கூடத்திலை, எல்லா இடமும் எனக்குக் கை குடுத்தது அந்த இல்லாத கண்ணாடிதான்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது, தம்பி. நான் பள்ளிக்கூடம் போனது எட்டு மாசம். இலக்கம் தெரியும். பஸ் நம்பரும் ஸ்கோர் போர்டும் வாசிப்பன். கையெழுத்து அம்மா சொல்லித் தந்தது, அது எனக்கு ஒரு படம் மாதிரி. இது உனக்கு எப்ப தெரியும், தெரியுமோ, தெரியாதோ எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது. தெரிஞ்சும் ஒருநாளும் காட்டிக்கொள்ளாமல் இருந்தனீ எண்டால், அந்தக் குணம் அம்மாவிட்டை இருந்து வந்தது.

ஆனால் ஒண்டு உனக்குத் தெரியாது. நீ பதின்மூண்டு வயசிலை பள்ளிக்கூடத்தாலை ஒரு கடிதம் கொண்டு வந்து என்ர கையிலை தந்தனீ. அம்மா அம்மம்மாவின்ர செத்தவீட்டுக்கு மூண்டு கிழமை சென்னைக்குப் போயிருந்த நேரம். நீ தந்துபோட்டு என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டனீ. நான் மேலையிருந்து கீழை வரைக்கும் கண்ணை ஓட்டி, தலையை ஆட்டி, நல்லது வை எண்டு மேசை லாச்சிக்குள்ளை போட்டனான். நீ ஏதாவது சொல்லுவாய் எண்டு பாத்தன். நீயும் நான் சொல்லுவன் எண்டு பாத்திருக்கிறாய். அம்மா வந்து லாச்சியைத் திறந்த பிறகுதான் தெரியும், எங்கட பகுதி முழுக்கச் சேந்த பெடியளின்ர ரீமுக்கு ஆள் எடுக்கிற சோதனைக்கு உன்னைக் கூப்பிட்டிருந்தவை, தகப்பன் கையெழுத்து வைச்சு அனுப்பவேணும், குடுத்த நாள் அதுக்கு முதல் கிழமையோட முடிஞ்சுது. அண்டைக்கு ஏன் அப்பா வேண்டாமெண்டனீங்கள் எண்டு நீ கேட்டனீ. படிப்பைப் பார் முதலிலை எண்டு அதட்டினன். படிப்பைப் பற்றி உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? எழுத்துத் தெரியாததை விட, தெரியாது எண்டு சொல்லாததுதான் உன்ர வழியிலை குறுக்கை விழுந்தது. பிறகு நீ வேலைக்குப் போய், வார விடுமுறையிலை வந்து இந்த ரீமுக்கு ஓப்பனிங் போன ஒவ்வொரு ஞாயிறும் நான் மழையெண்டும் குளிரெண்டும் பாக்காமல் அந்தக் கூடாரத்திலை இருந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

இப்ப பார், நான் செய்ததையே நீ செய்யிறாய். உனக்கு ஏதோ குறையிறது உனக்குத் தெரியும் எண்டு நான் நினைக்கிறன். வெய்யில் கண்ணுக்கை அடிச்சுது, நித்திரை காணாது, வேலையிலை கரைச்சல், ரோட்டு ஒடுக்கம். ஒவ்வொரு சாட்டுக் கதையையும் கேக்கக் கேக்க எனக்கு என்ர குரல்தான் கேக்குது. பின் சீற்றிலை ரெண்டு பிள்ளையளையும் ஏத்திக்கொண்டு நீ கார் எடுத்துப் போகேக்கை நான் வாசலிலை நிண்டு பாக்கிறனான். நீ மூலையிலை இடப்பக்கம் திருப்பிற வரைக்கும் நான் கதவைச் சாத்தமாட்டன். உனக்கு ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். நான் டொக்டர் இல்லை. கால் அசையாததாலையும் ஆக்கள் அவுட்டாகிறவை. அப்பிடியெண்டால் நான்தான் எல்லாரிலும் கூடச் சந்தோசப்படுவன். நீ ஓப்பனிங் போ, நான் குகனோட வழக்காடுறன்.

போன ஞாயிறு நீ இல்லாத மட்சிலை எழுபத்தி ரெண்டுக்குச் சுருண்டம். கூடாரத்திலை எனக்குச் சரியான ஏச்சு. பெத்த மகனையே விக்கெட் எடுத்தனீங்கள் அண்ணை, வேறை ஆள் பந்து போடத் தேவையில்லை எண்டான் குகன். மாஸ்டர் கொப்பியை என்ர மடியிலை வைச்சு, நீங்களே பாருங்கோ, மற்றவை அடிச்சதை விட அவன் குறைவாய் அடிச்சிருக்கிறானோ எண்டு பக்கத்தைக் காட்டினார். இலக்கம் விளங்கும், எது ஆற்ற பேர் எண்டு விளங்காது; வழமையாய் அந்த இடத்திலை நான் கண்ணாடியைத் தேடுவன். அண்டைக்கு என்ன வந்ததோ தெரியாது. எனக்கு வாசிக்கத் தெரியாது மாஸ்டர் எண்டு சொல்லிப்போட்டன். ஊர்ப் பள்ளிக்கூடத்தின்ர பழைய மாணவரும் பிள்ளையளும் விளையாடுற இந்த ரீமுக்கு நானும் பழைய மாணவன் எண்டு சொல்லி உன்னைச் சேத்துவிட்டவன் நான். அது பொய், நான் ஒரு எழுத்தும் படியாதவன் எண்டும் சொன்னன்.

குகன்தான் முதல் வாய் திறந்தவன்.

"அப்ப இவ்வளவு நாளும் பேப்பரிலை படம் பாத்தே அண்ணை எங்களுக்கு அரசியல் படிப்பிச்சனீங்கள்?"

மாஸ்டர் சிரிக்கேல்லை. கொப்பியை என்ர மடியிலை இருந்து எடுத்துத் தன்ர பக்கம் திருப்பினார். "நீங்கள் படிச்சதெண்டு சொன்ன அதே வருஷம் அந்த வகுப்பிலை படிச்சவன் நான். அதிலை நீங்கள் இருக்கேல்லை எண்டு எனக்கு முதல் நாளே தெரியும். பெடியன் நல்லாய் விளையாடுறான் எண்டு விட்டனான்" எண்டுபோட்டு, உன்ர ஓட்டங்களை ஒவ்வொண்டாய் எனக்கு வாசிச்சுக் காட்டினார். நான் முப்பத்தைஞ்சு வருஷமாய்ப் பயந்தது அவ்வளவுதான், தம்பி. ஒரு பகிடி, ஒரு கோப்பைத் தேத்தண்ணி. உன்ர கண்ணைப் பற்றி அங்கை ஒரு சொல்லும் சொல்லேல்லை. அது நீ சொல்லவேண்டியது.

ஞாயிறு மட்சுக்கு நீ போறதும் விடுறதும் உன்ர விருப்பம். கீழ்ப் பிரிவுக்குப் போனால் கீழ்ப் பிரிவிலை விளையாடுவினம். குகனுக்கு ஏச ஆள் வேணும், அது எந்தப் பிரிவிலும் கிடைக்கும். எனக்கு வேண்டியது சனிக்கிழமை. காலமை பத்து மணிக்கு, உன்ர வீட்டுக்குக் கிட்ட ஸ்ரேஷனுக்குப் பக்கத்திலை இருக்கிற கண் பாக்கிற இடத்திலை அம்மா உன்ர பேரைப் பதிஞ்சு வைச்சிருக்கிறா. கேக்காமல் பதிஞ்சதுக்கு அவவை ஏசாதை, பதியச் சொன்னது நான். காரை விட்டுப்போட்டு நடந்து வா.

அங்கை என்ன செய்வினம் எண்டு சொல்லுறன், பயப்பிடாதை. அந்த எழுத்துப் பலகை இருக்கு. எனக்கு அதுக்குப் பதிலாய் வேறை அட்டை காட்டிச்சினம், எழுத்துத் தெரியாத ஆக்களுக்கு எண்டே வைச்சிருக்கினமாம். அதை அறிய எனக்குப் பதினொரு வருஷம் போச்சு. ஆனால் ஓரப் பார்வையைப் பாக்கிறது வேறை மெசின். அதிலை ஒரு எழுத்துமில்லை. ஒரு பெரிய வெள்ளைச் சட்டி மாதிரி இருக்கும், அதுக்குள்ளை முகத்தைக் குடுத்து நடுவிலை இருக்கிற பொட்டையே பாத்துக்கொண்டிருக்க வேணும். அங்கையும் இங்கையுமாய்ச் சின்னச் சின்ன வெளிச்சம் மின்னும். தெரியத் தெரியக் கையிலை தந்த பட்டனை அமத்த வேணும். நான் முதல் தரம் போனபோது, குறையத் தெரியுது எண்டு நினைப்பினம் எண்டு, தெரியாத நேரமும் குத்துமதிப்பாய் அமத்திக்கொண்டிருந்தன். அங்கை சோதிக்கிற தமிழ்ப் பிள்ளை மெசினை நிப்பாட்டிப்போட்டு, ஐயா, வெளிச்சம் வராத நேரமும் நீங்கள் அமத்துறீங்கள், இப்பிடிச் செய்தால் உங்களுக்கு எது தெரியேல்லையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும் எண்டு மெல்லமாய்க் கேட்டுது.

நான் வெளியிலை கதிரையிலை இருப்பன். எவ்வளவு நேரமெண்டாலும் இருப்பன். நீ தெரிஞ்சால் மட்டும் அமத்து, அப்பன். தெரியாட்டில் கையைச் சும்மா வைச்சிரு.